மழை வராவிட்டால் பவுசர் வரும்

யாழ்ப்பாணத் தீவகத்தில் இருந்து ஒரு தாய் எழுதிய கடிதம் இது. பெயர், ஊர், பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

மகனுக்கு ஏழு வயது. தரம் 2 படிக்கிறான். சுற்றாடல் பாடத்தில் ‘மழை பெய்யாவிட்டால் என்ன நடக்கும்?’ என்று ஒரு கேள்வி. அவன் எழுதிய பதில்: ‘மளை வராட்டி பவுசர் வரும்.’ பவுசர் என்றால் தண்ணீர் கொண்டுவரும் தாங்கி லொறி. ரீச்சர் சிவப்புப் பேனையால் பிழை போட்டதோடு, வகுப்பில் வாசித்தும் காட்டியிருக்கிறார். பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். கொப்பி வீட்டுக்கு வந்ததும் வீட்டிலும் சிரிப்பு. படம் குடும்ப வைபர் குழுவுக்குப் போயிருக்கிறது. ரொறன்ரோவில் இருக்கும் மச்சாள், அதாவது கணவரின் அக்கா, அதைத் தன் முகநூலில் போட்டார். அங்கிருந்து அது சுற்றிச் சுழன்று ஊருக்கே திரும்பி வந்துவிட்டது. இப்போது பள்ளிக்கூடத்தில் அவனுக்குப் ‘பவுசர்’ என்று பெயர்.

கணவர் கந்தோரில் வேலை செய்பவர். அந்தக் காலத்தில் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடைந்தவர். அவர் சிரிக்கவில்லை. கொப்பியை முழுக்கப் புரட்டி, கணிதத்தில் முப்பத்தாறை 306 என்று எழுதியிருப்பதைக் கண்டு பூவரசந்தடியை எடுத்திருக்கிறார். ‘இப்பவே இப்பிடியெண்டால் ஸ்கொலசிப்பில என்ன செய்வான்?’ என்பது அவருடைய கேள்வி. மூன்று வாரமாக மகன் கொப்பியில் ஒன்றும் எழுதுவதில்லை. கேட்டால் ‘எனக்குத் தெரியாது’ என்கிறான். ஞாயிறு இரவிலிருந்தே வயிற்றுவலி தொடங்கிவிடுகிறது. பக்கத்து வீட்டு அக்கா, ‘மூளை விருத்தி குறைவோ தெரியாது, ஒருக்காக் காட்டிப் பாருங்கோ’ என்று சொல்லியிருக்கிறார்.

தாயின் கேள்விகள் இவை. மகனுக்கு ஏதும் குறைபாடா? ரீச்சரைப் பற்றி வலயக் கல்வி அலுவலகத்துக்கு எழுதலாமா, அல்லது பள்ளிக்கூடத்தை மாற்றுவதா? ரியூசனுக்கு விடுவதா? மச்சாளோடு முகம் முறியாமல் அந்தப் படத்தை எடுப்பிப்பது எப்படி?

தங்கச்சி,

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். உங்கள் கடிதத்தில் அந்தப் பதிலை வாசித்தபோது நானும் சிரித்தேன். பிறகு கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், ஓரத்தில் நீங்கள் சின்னதாக எழுதியிருந்த வரிக்கு வந்தேன். ஒரு இரவு படுக்கையில் அவன் கேட்டானாம்: ‘அம்மா, பவுசர் வாறது பிழையோ?’ நீங்கள் கேட்ட கேள்விகள் எல்லாவற்றையும்விட அவன் கேட்டதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

பவுசர் வருவது பிழை இல்லை. குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் கிடையாது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பெய்யும் மாரி மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கித் தங்குகிறது. அதைத்தான் ஆண்டு முழுக்கக் கிணற்றிலிருந்து அள்ளுகிறோம். தீவுப் பக்கத்தில் அந்த நல்ல தண்ணீரும் மெல்லிய படைதான். ஆடி, ஆவணி வந்தால் பல கிணறுகள் உவர்த்துவிடும். அப்போது பவுசர் வரும், வீட்டு வாசலில் கான்களும் வாளிகளும் வரிசையில் நிற்கும். இதைப் பிறந்தது முதல் பார்த்து வளர்ந்த பிள்ளையிடம் மழை பெய்யாவிட்டால் என்ன நடக்கும் என்று கேட்டால் வேறு என்ன சொல்வான்? ‘பயிர்கள் வாடும்’ என்ற பதில் புத்தகத்தில் இருக்கிறது. உங்கள் மகன் தன் வாசலில் நடப்பதை எழுதினான். கேட்டவர் மனதில் இருந்த பதில் அது அல்ல, அவ்வளவுதான்.

சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த உளவியலாளர் பியாஜே பற்றி ரீச்சருக்குத் தெரிந்திருக்கும். ஆசிரியப் பயிற்சியில் அவரைப் படிக்காமல் யாரும் வெளியே வருவதில்லை. இளவயதில் பாரிசில், பிள்ளைகளுக்கான அறிவுச் சோதனைகளைத் தரப்படுத்தும் வேலையில் அவர் இருந்தார். சரியான பதில்களை எண்ணுவதுதான் வேலை. அவருடைய கவனமோ பிழையான பதில்களில் போய் நின்றது. ஒரே வயதுப் பிள்ளைகள் ஒரே விதமான பிழைகளை விடுகிறார்கள், அப்படியென்றால் அதற்குப் பின்னால் ஒரு யோசனை இருக்க வேண்டும் என்று கண்டு, ஒவ்வொரு பிள்ளையையும் ‘ஏன் அப்படிச் சொன்னாய்?’ என்று கேட்கத் தொடங்கினார். அவருடைய வாழ்நாள் ஆய்வெல்லாம் அந்தக் கேள்வியிலிருந்து வந்தது. நாங்கள் பரீட்சைக்கு அவர் பெயரை எழுதிப் புள்ளி வாங்குகிறோம். சிவப்புப் பேனையைக் கையில் எடுத்ததும் மறந்துவிடுகிறோம்.

‘மளை’யும் 306உம்

இனி மற்றப் பிழைகள். ‘மளை’ என்று எழுதினான் என்று கவலைப்பட்டிருக்கிறீர்கள். நீங்களே ஒரு தடவை வாய்விட்டு, வீட்டில் பேசுகிற மாதிரி ‘மழை வரப்போகுது’ என்று சொல்லிப் பாருங்கள். எங்கள் பேச்சில் ழகரமும் ளகரமும் பெரும்பாலும் ஒன்றாகிவிட்டன. வாழைப்பழம் விற்பவரும் சரி, வாங்குபவரும் சரி, ளகரத்தில்தான் வியாபாரம் செய்கிறார்கள். அவன் காதில் விழுந்ததை அப்படியே எழுதியிருக்கிறான். ஒலியை எழுத்தாக்கும் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறான் என்றுதான் இதற்குப் பொருள். சில சொற்களைக் காதால் எழுத முடியாது, கண்ணால் பார்த்துத்தான் பழக வேண்டும். அதற்கு நாளும் பத்து நிமிடம் அவனோடு ஒரு கதைப் புத்தகம் வாசியுங்கள். மழை, பழம், வாழை, தமிழ் என்று நாலைந்து சொற்களை ஒரு மட்டையில் எழுதிக் கதவில் ஒட்டிவிடுங்கள். ஐம்பது தரம் எழுத வைக்க வேண்டாம். முப்பதாவது தரம் கை மட்டும்தான் எழுதும்.

ஒற்றைக்கொம்பை எழுத்துக்குப் பின்னால் போடுகிறான் என்றும் சொல்லியிருந்தீர்கள். ‘கெ’ என்று சொல்லும்போது முதலில் வருவது க் என்ற ஒலி, பிறகுதான் எ. ஆனால் எழுதும்போது கொம்பை முன்னுக்குப் போடச் சொல்கிறோம். இது எங்கள் எழுத்தில் உள்ள ஒரு வளைவு. ஒலியை நம்புகிற பிள்ளை இதில் தடுமாறத்தான் செய்யும். 247 எழுத்தையும் அவன் பிடித்து முடிக்க இன்னும் காலம் இருக்கிறது. ஏழு வயது வரை எழுத்தையும் இலக்கத்தையும் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திருப்பி எழுதுவதும் சாதாரணம்.

அப்பம்மா அவனுடைய ‘லை’யைப் பிழை என்று சொன்ன கதையும் உங்கள் கடிதத்தில் இருந்தது. அவர் பழகியது தும்பிக்கை வைத்த பழைய வடிவம். 1978இல் தமிழ்நாட்டு அரசு எழுத்தைச் சீர்திருத்திய பிறகுதான் இப்போதைய வடிவம் பரவியது. இதில் பேரனும் சரி, அப்பம்மாவும் சரி. இருவரையும் ஒன்றாக இருத்தி, பழைய ‘லை’யை அவனுக்கு எழுதிக் காட்டச் சொல்லுங்கள். பெரியவர்களுக்குள்ளேயே ‘சரி’ மாறியிருக்கிறது என்பது அவனுக்கு நல்ல புதினமாக இருக்கும்.

306ஐப் பார்த்துத்தான் உங்கள் கணவருக்குக் கோபம் வந்திருக்கிறது. ‘முப்பத்தாறு’ என்ற சொல்லில் முதலில் முப்பது, பிறகு ஆறு. முப்பதை 30 என்று எழுதப் பள்ளிக்கூடத்தில் பழக்கிவிட்டார்கள். ஆறை 6 என்று எழுதவும் தெரியும். இரண்டையும் பக்கத்தில் வைத்தான், 306 வந்தது. இந்த வயதில் மிகவும் அறியப்பட்ட பிழை இது. இடப்பெறுமானம் என்பது மனித குலம் கண்டுபிடிக்கவே நெடுங்காலம் எடுத்த விசயம், இவனுக்கு ஒரு தவணை கொடுக்கலாம். ஈர்க்கு எடுத்துப் பத்துப் பத்தாகக் கட்டிவிடுங்கள். மூன்று கட்டும் ஆறு தனி ஈர்க்கும் வைத்து, ‘கட்டு எத்தனை, தனி எத்தனை?’ என்று கேட்டு அதையே எழுதச் சொல்லுங்கள். சில நாட்களில் 0 தானாக விழுந்துவிடும். இதைக் கணவர் செய்தால் இன்னும் நல்லது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

குறைபாடா?

நீங்கள் எழுதியவற்றை வைத்துப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. கடிதத்தை வைத்து நான் முடிவு சொல்லவும் கூடாது. எழுத்துத் திரும்புவதோ சொற்பிழையோ மட்டும் டிஸ்லெக்சியாவுக்கு, அதாவது வாசிப்பதில் வரும் குறைபாட்டுக்கு, அடையாளம் அல்ல. தரம் 2 முடியும் நேரத்திலும் எழுத்தையும் ஒலியையும் இணைக்க முடியாமல் இருப்பது, நேற்று வாசித்த சின்னச் சொல் இன்று முற்றிலும் புதிதாக இருப்பது, வாயால் நன்றாகச் சொல்லும் பிள்ளை வாசிப்பில் மட்டும் தொடர்ந்து தடுமாறுவது, குடும்பத்தில் வேறு யாருக்கும் அப்படி இருந்தது, இவைதான் கவனிக்க வேண்டியவை. எல்லாவற்றுக்கும் முன்னால் கண்ணும் காதும். பள்ளிக்கூடத்தில் மருத்துவப் பரிசோதனை நடந்திருந்தால் அதில் என்ன குறித்தார்கள் என்று பாருங்கள். நடக்கவில்லையென்றால் உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் விசாரியுங்கள். சந்தேகம் தொடர்ந்தால் அவர்களே யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குக் கடிதம் தருவார்கள். ‘மூளை விருத்தி’ என்ற சொல்லை அவன் காதுபட யாரும் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டு அக்கா நல்ல மனதோடுதான் சொன்னார், ஆனால் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கொஞ்சம் உரக்கச் சொல்லியிருப்பார்.

வயிற்றுவலியைப் ‘பள்ளிக்கூடக் கள்ளம்’ என்று கணவர் சொல்கிறார் என எழுதியிருந்தீர்கள். அது கள்ளம் இல்லை. பயமும் வெட்கமும் வந்தால் குடல் உண்மையாகவே வலிக்கும், சின்னப் பிள்ளைகளுக்கு இன்னும் அதிகமாக. சனிக்கிழமை இல்லாத வலி ஞாயிறு இரவு வருவதே விசயத்தைச் சொல்லிவிடுகிறது. ஆனாலும் ஒரு தடவை வைத்தியரிடம் காட்டுங்கள். மலச்சிக்கலும் பூச்சியும் இந்த வயதில் சாதாரணம். வலியால் நித்திரையிலிருந்து எழும்புவது, எடை குறைவது, தொடர்ந்து சத்தி, காய்ச்சல், மலத்தில் இரத்தம், தொப்புளை விட்டு வேறு ஒரே இடத்தில் வலி, இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். மற்றபடி ஆறுதல் சொல்லி, முடிந்தவரை பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்கள். வீட்டில் நிற்கும் ஒவ்வொரு நாளும் திரும்பிப் போவதைக் கடினமாக்கும்.

படம் எடுத்தது யார்?

இதைக் கொஞ்சம் தயக்கத்தோடுதான் எழுதுகிறேன். கடிதத்தில் ரீச்சரைப் பற்றி ஒரு பக்கம் இருக்கிறது. மச்சாளைப் பற்றி அரைப் பக்கம். ‘படம் குடும்பக் குழுவுக்குப் போய்விட்டது’ என்பது ஒரே ஒரு வரி. படம் தானாகப் போகாது, தங்கச்சி. எடுத்து அனுப்பியது நீங்கள்தான் என்று நினைக்கிறேன். அந்த ஒரு வரியை எழுதி முடிக்க உங்களுக்கு எவ்வளவு நேரம் எடுத்திருக்கும் என்றும் எனக்கு விளங்குகிறது.

உங்கள் சிரிப்பில் விசம் இல்லை. பிள்ளையின் வாய்க்கு வந்ததைக் கேட்டு வீடு சிரிப்பது காலம் காலமாக உள்ளதுதான். முன்பு அந்தச் சிரிப்பு முற்றத்தைத் தாண்டாது, மறுநாள் மறந்தும் போகும். இப்போது அது ரொறன்ரோ போய்த் திரும்பி வருகிறது. மச்சாளையும் நினைத்துப் பாருங்கள். பவுசருக்குக் கான் வைத்துவிட்டு நின்ற பிள்ளைதானே அவரும். அந்த வரியைப் பார்த்ததும் அவருக்கு வந்தது ஊர் நினைவாகத்தான் இருக்கும். ஆனால் ஏழு வயதுப் பிள்ளைக்கு, தன்மேல் உள்ள ஆசையால் சிரிக்கிறார்களா, தன்னைப் பார்த்துச் சிரிக்கிறார்களா என்று பிரித்தறிய வராது. யோசித்து ஒன்றை எழுதினேன், எல்லோரும் சிரித்தார்கள், அப்பா அடித்தார் என்பதுதான் அவனிடம் உள்ள கணக்கு. எழுதாமல் விட்டால் இவை ஒன்றும் நடக்காது. இப்போது உங்கள் வீட்டில் பிழையே இல்லாத கொப்பி ஒன்று இருக்கிறது, அதில் எழுத்தும் இல்லை.

மச்சாளுக்கு ஒரு செய்தி போதும். நீட்டி நியாயம் பேச வேண்டாம். இப்படி எழுதலாம்: ‘மச்சாள், தம்பியின்ர கொப்பிப் படத்தை ஒருக்கா எடுத்துவிடுங்கோ. பள்ளிக்கூடத்தில அவனைப் பவுசர் எண்டு கூப்பிடுறாங்களாம், ஆள் சோர்ந்துபோனான். பிழை என்னிலதான், நான்தான் முதல் அனுப்பினனான்.’ கடைசி வசனத்தை விடாதீர்கள், மச்சாளின் முகம் அதில்தான் காப்பாற்றப்படுகிறது. பெரும்பாலும் அன்றைக்கே எடுத்துவிடுவார். வேறு யாரும் பகிர்ந்து, கேட்டும் எடுக்காவிட்டால், பிள்ளையின் பெற்றோர் என்ற முறையில் முகநூலுக்கே முறையிட வழி இருக்கிறது. இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 16ஆம் உறுப்புரை, பிள்ளைக்கும் அந்தரங்கம் உண்டு என்று சொல்கிறது. அதைத் தூக்கிக்கொண்டு குடும்பத்தோடு சண்டைக்குப் போகச் சொல்லவில்லை. கொப்பி அவனுடையது என்பதை நீங்கள் மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

மகனிடமும் சொல்ல வேண்டும். ‘நீ யோசிச்சு எழுதினதைப் பார்த்து அம்மா சிரிச்சது பிழை. உன்னைக் கேக்காமல் படம் அனுப்பினதும் பிழை.’ இவ்வளவுதான். அழுது ஒப்பாரி வைக்க வேண்டாம், பிறகு அவன் உங்களைத் தேற்ற வேண்டியிருக்கும்.

கணவரிடம்

‘அடி வாங்கித்தான் நானும் ஆளானேன்’ என்பதோடு நேருக்கு நேர் மோதினால் அது அவருடைய அப்பாவைக் குறை சொல்வதாகத்தான் அவருக்குப் படும். அவருக்கு ஊரும் கந்தோரும் தந்த மதிப்புக்கெல்லாம் தொடக்கம் அந்தப் புலமைப்பரிசில் என்று அவர் நம்புகிறார், மகனுக்கும் அதுவே கிடைக்க வேண்டும் என்பது அவருடைய பயம். அந்தப் பயத்தை மதித்துப் பேசுங்கள். ‘306 எப்படி வந்தது எண்டு அவனிட்டக் கேட்டுப் பாருங்கோ’ என்று சொல்லி, ஈர்க்குக் கட்டைக் கையில் கொடுங்கள். கணக்கில் கெட்டிக்காரர் என்றால் அந்த விளக்கத்தைக் கேட்டதும் அவருக்கே ஆர்வம் வந்துவிடும். அடித்த கை சொல்லித்தரவும் வரும் என்று பிள்ளை காண வேண்டும், அதற்காகத்தான் அவரே செய்யட்டும் என்றேன். தடியைப் பற்றிப் பேச்சு வந்தால், மூன்று வாரமாக அது என்ன செய்தது என்று மட்டும் கேளுங்கள். அடி தொடர்ந்தால், கட்டுப்பாட்டை மீறினால், அதைக் குடும்ப விசயம் என்று மூடி வைக்க வேண்டாம். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கம் எந்நேரமும் இயங்குகிறது.

ரியூசன் இப்போது வேண்டாம். புலமைப்பரிசிலுக்கு இன்னும் மூன்று வருடம் இருக்கிறது.

ரீச்சரிடம், பிறகு தேவையானால் மேலே

வலயக் கல்வி அலுவலகத்துக்கு எழுதும் உரிமை உங்களுக்கு உண்டு. ஆனால் முதல் படியாக அதைச் செய்தால் ரீச்சர் தன்னைக் காப்பதில் இறங்கிவிடுவார், உங்கள் மகன் அதே வகுப்பில்தான் இருக்கப்போகிறான். அவர் அடித்திருந்தால் கதை வேறு. கல்வி அமைச்சின் 12/2016 சுற்றறிக்கை பாடசாலையில் உடல் தண்டனையைத் தடைசெய்கிறது, அப்போது நேரே அதிபரிடம் போகச் சொல்லியிருப்பேன். இங்கே நடந்தது யோசிக்காமல் செய்த ஒரு வேடிக்கை. வகுப்பு நிறையப் பிள்ளைகளோடு நிற்பவருக்கு நகைச்சுவை ஒரு மூச்சு விடும் நேரம்.

நேரம் கேட்டு, மகனை விட்டுவிட்டு, தனியாகப் போங்கள். வாசலில் மற்றத் தாய்மார் நிற்கும்போது பேச வேண்டாம். புள்ளியை மாற்றச் சொல்லவும் வேண்டாம். இரண்டு விசயம் கேளுங்கள்: அந்தப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடாமல் பார்த்துக்கொள்ள முடியுமா? தண்ணீர் பற்றிய பாடம் வரும்போது பவுசரைப் பற்றி அவனையே சொல்ல வைக்க முடியுமா? இரண்டாவது நடந்தால் முதலாவது தானாக நடந்துவிடும். பட்டப்பெயரைத் தடைசெய்து அழிப்பது கடினம், அது பெருமையாக மாறினால்தான் சாகும். இரண்டு மூன்று வாரத்தில் ஒன்றும் மாறவில்லையென்றால் அதிபர், அதற்குப் பிறகு எழுத்தில் வலயம். பள்ளிக்கூடம் மாற்றுவதைக் கடைசிக்கு வையுங்கள். இடையில் மாறுவது ஒரு பிள்ளைக்குச் சின்ன வேலை அல்ல, படமும் அவனுக்கு முன்னால் அங்கே போயிருக்கும்.

வீட்டில் கொப்பி பார்க்கும்போது ஒரு ஒழுங்கை வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ‘இது எப்பிடி வந்தது?’ என்று கேளுங்கள். குரல் முக்கியம், பொலிஸ் கேட்பதுபோல் கேட்டால் பயனில்லை. அவன் யோசித்ததில் சரியாக உள்ளதைச் சொல்லுங்கள். அப்புறம் ஒரே ஒரு பிழையைத் திருத்துங்கள், மற்றவை நாளைக்கு நிற்கட்டும். பிழையைக் கண்டும் காணாமல் விடச் சொல்லவில்லை. மழையை மழை என்றுதான் எழுத வேண்டும், அதை அவனுக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும். அழிறப்பரால் தேய்த்துக் கொப்பியைக் கிழிக்க விடாமல், பக்கத்தில் சரியாக எழுத விடுங்கள். எழுதத் தொடங்கும்வரை படம் கீறட்டும், நீங்கள் கேட்பதற்கு வாயால் சொல்லட்டும். ஒரு மாதத்தில் ஓரளவாவது இளகாவிட்டால், அல்லது பேச்சு, சாப்பாடு, நித்திரை, விளையாட்டு எல்லாமே குறைந்தால், உளவளத்துணையாளர் ஒருவரை நேரில் பார்ப்பது அவசியம். அதைப் பிற்போட வேண்டாம்.

இன்றிரவு அவன் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிடுங்கள். ‘பவுசர் வாறது பிழையில்லை, உண்மைதான். ரீச்சர் கேட்டது மரம், பயிர், கிணறுக்கு என்ன நடக்கும் எண்டு.’ பிறகு நீங்கள் ஒரு கேள்வி கேளுங்கள்: ‘அப்ப, பவுசருக்குத் தண்ணி எங்கயிருந்து வருது?’ உடனே பதில் வராமல் இருக்கலாம், காத்திருங்கள். என்ன சொன்னான் என்று எனக்கும் எழுதுங்கள், அவனிடம் கேட்டுவிட்டு.